நிற்கிற வண்டியின் முன் பிரேக்: பேடு, டிஸ்க், இறுகிப்போன கேலிப்பர் பின்

2008 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல். பெரியப்பாவின் வண்டி. அவர் சென்னையில் இருக்கிறார். பொங்கலுக்கும் கோயில் காரியத்துக்கும் கல்யாணங்களுக்கும் பள்ளத்தூர் வரும்போதுதான் வண்டிக்கு ஓட்டம். மற்ற நாட்களில் பின்கட்டை ஒட்டிய கொட்டகையில் நிற்கும், சாவி என்னிடம் இருக்கும். செட்டிநாட்டு ஊர்களில் பல வீடுகளில் இப்படி ஒரு வண்டி நிற்கிறது. அதனால்தான் இதை விவரமாக எழுதி வைக்கிறேன். நிற்கிற வண்டியில் பிரேக் கெடுகிற விதமே வேறு. தினமும் ஓடுகிற வண்டிக்குச் சொல்கிற "பேடு மாத்திட்டா சரியாயிரும்" என்ற வைத்தியம் இதற்குப் பாதிதான் கேட்கும். (சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டுதான் டிஸ்க்; அதை இரண்டு பக்கமும் கவ்வி நிறுத்துகிற கட்டைகள் பேடு.)

தொல்லை என்னவென்றால், பிரேக் மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் பெடல் காலுக்கடியில் துடித்தது. மெதுவாகப் போகும்போது கீச்சென்று ஒரு சத்தம். முதலில் காட்டிய இடத்தில், "தம்பி, அலைன்மென்ட் போயிருக்கு, அதைப் பார்த்துட்டு வாங்க" என்றார்கள். 600 ரூபாய் கொடுத்து அலைன்மென்ட் பார்த்தாயிற்று, இழுப்பு அப்படியே இருந்தது. அடுத்து, "இடது பக்கம் பிரேக் அதிகமாப் பிடிக்குது, அந்தப் பக்கத்தைக் கழற்றிப் பார்ப்போம்" என்றார்கள். இழுக்கிற பக்கத்தில்தான் கோளாறு என்று நினைப்பது இயல்பு. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஆனால் காரைக்குடி போய்த் திரும்பியதும் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தபோது, வலப்பக்க முன் சக்கரம்தான் அனலாக இருந்தது. லேசாகக் கருகிய வாடையும் அங்கேதான். இடப்பக்கம் வெதுவெதுப்பு மட்டும். இழுப்பு இடது, சூடு வலது. இரண்டையும் சேர்த்து யோசித்தால் விஷயம் பிடிபடும். வலப்பக்கக் கேலிப்பர் (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்துகிற பாகம்) இறுகிப்போய், பிரேக் விட்ட பிறகும் ஒரு பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கிறது, அதனால் சூடு. மிதிக்கும்போது மற்ற பேடு சரியாக வந்து கவ்வுவதில்லை, அதனால் அந்தப் பக்கம் பிடிப்பு குறைவு. நன்றாக இருக்கிற இடப்பக்கம் தன் வேலையை முழுசாகச் செய்கிறது, வண்டி அந்தப் பக்கம் திரும்புகிறது. யாராவது இழுப்பை வைத்து மட்டும் முடிவெடுத்தால் சூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள், செலவில்லாத சோதனை. டிஸ்க்கையோ சக்கரத்தையோ தொட வேண்டாம், கை வெந்துவிடும். ஒரு சாண் தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

வீட்டிலேயே செய்வது என்று முடிவு செய்ததும் முதலில் வாங்கியது ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு, 1,600 ரூபாய். வண்டியோடு வருகிற ஜாக்கி பஞ்சர் போட மட்டும்தான். அதை நம்பி வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ விடக் கூடாது, இதில் பேரம் பேச வேண்டாம். கொட்டகைத் தரை செம்மண்தான், அதுவும் சரிவு. ஸ்டாண்டின் கால்கள் மண்ணில் இறங்கும் என்பதால் ஒரு அங்குல கனத்தில் பலகைத் துண்டு இரண்டை அடியில் போட்டேன். வீட்டுக்குள் ஆத்தங்குடிக் கல் பாவிய இடம் சமமாக இருக்கிறதே என்று யாரும் வண்டியை முகப்பில் ஏற்றிவிடாதீர்கள். ஸ்டாண்டின் முனையில் விழும் எடைக்கு அந்தக் கல் தாங்காது, பிரேக் ஆயில் சிந்தினால் கறையும் பிடிக்கும்.

மற்றச் சாமான்கள்: 12, 14, 17, 19 சாக்கெட்டுகள், ராட்செட், வீல் நட்டுக்கு நீளமான கைப்பிடி, ஒரு பெரிய சி கிளாம்ப், வயர் பிரஷ், 600 நம்பர் உப்புத்தாள், கனம் அளக்க வெர்னியர், கேலிப்பரைக் கட்டித் தொங்கவிடக் கம்பி. டார்க் ரெஞ்சும் (சரியான அளவுக்கு இறுக்க) டயல் கேஜும் (சுற்றும்போது வரும் ஆட்டத்தை அளக்க) காரைக்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கிற நண்பரிடம் இரவல்.

வீல் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, அப்புறம் தூக்கினேன். சக்கரம் வெளியே வந்ததும் பிரேக் தூசியைத் துணியால் தட்டவோ காற்றடித்து ஊதவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீரைத் தெளித்து நனைத்துத் துடைத்து எடுத்தேன். ஸ்டியரிங்கை வேலை பார்க்கிற பக்கம் வெளியே தெரிகிற மாதிரி ஒடித்து வைத்தால் கேலிப்பரின் பின்பக்கம் கை நன்றாகப் போகும்.

வலப்பக்கம் கீழ் போல்ட்டைக் கழற்றிக் கேலிப்பரை மேலே மடக்கப் பார்த்தேன், அசையவில்லை. நல்ல நிலையில் இருந்தால் ஒரு கையால் கதவு மாதிரி திறக்கும். இரண்டு போல்ட்டையும் எடுத்து, ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பித்தான் வந்தது. பேடுகளை எடுத்து வெர்னியரில் அளந்தேன், தகட்டை விட்டுவிட்டு உராய்கிற பகுதி மட்டும். உள் பேடு 2.1 மி.மீ., வெளிப் பேடு 6.8 மி.மீ. ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட ஜோடி! உள் பேடில் தேய்மானத்தைச் சொல்ல வைத்திருக்கிற சின்னத் தகடு டிஸ்க்கைத் தொட ஆரம்பித்திருந்தது, கீச் சத்தம் அதுதான். இடப்பக்கம் பிறகு கழற்றியபோது உள்ளே 5.0, வெளியே 5.4, அதுதான் ஆரோக்கியமான தேய்மானம்.

இந்த நான்கு எண்களிலேயே நோய் எழுதியிருக்கிறது. பழைய பேடைத் தூக்கிப் போடுவதற்கு முன் அளந்து பாருங்கள், அல்லது கடையில் மாற்றினால் நான்கையும் கையில் வாங்கி ஜோடியாக வைத்துப் பாருங்கள். உள்ளும் வெளியும் கணிசமான வித்தியாசம் இருந்தால் புதுப் பேடு போட்டும் பயனில்லை, அதுவும் அதே மாதிரி தேயும். இந்த வண்டிக்கு முன்பே ஒரு இடத்தில் பேடு மாற்றியிருக்கிறார்கள், யாரும் பின்னைக் கழற்றிப் பார்க்கவில்லை என்பது அதைத் திறந்ததும் தெரிந்தது.

பின் என்று சொல்வது கேலிப்பரைத் தாங்குகிற கேரியரில் மேலும் கீழுமாகச் செருகியிருக்கும் இரண்டு வழுவழுப்பான இரும்புக் குச்சிகள். ஆயில் அழுத்தத்தில் பேடைத் தள்ளுகிற பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கிறது. அது உள் பேடைத் தள்ள, கேலிப்பர் முழுசுமாக இந்தப் பின்களில் வழுக்கி வந்து வெளிப் பேடை இழுத்து அழுத்த வேண்டும். மேல் பின் கையால் இழுத்ததும் வந்தது. கீழ் பின் வரவில்லை. பின்னை மூடுகிற ரப்பர் உறை (பூட்) ஒரு இடத்தில் கீறி, அந்த வழியாக மழைத் தண்ணீரும் மண்ணும் போய், உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் செங்காவிக் களிதான் இருந்தது.

இங்கே அவசரப்படக் கூடாது. கேஸ் டார்ச் வைத்துச் சூடாக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது, பக்கத்திலேயே ரப்பர், எரிகிற ஸ்ப்ரே எல்லாம் இருப்பதால் விட்டுவிட்டேன். சுத்தியலால் அடித்தாலும் பின்னின் தலை விரிந்து இன்னும் இறுகும். பூட்டை வெட்டி எடுத்துவிட்டு டபிள்யூடி 40 அடித்து ஒரு ராத்திரி ஊறவிட்டேன். காலையில் கேரியரையே 17 சாக்கெட் போட்டுக் கழற்றி வைஸில் கவ்வி, பின்னின் தலையில் ஸ்பேனர் வைத்து இழுக்காமல் திருப்பினேன். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். முதலில் ஒரு மயிரிழை அசைந்தது, மறுபடி ஸ்ப்ரே, மறுபடி திருப்பல். கால் சுற்று திரும்ப ஆரம்பித்த பிறகு திருப்பிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும். நேராக இழுத்தால் வராது, இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்த பின்னில் குழி குழியாகத் துரு. உப்புத்தாள் போட்டு மினுக்கினால் மேலே பளபளக்கும், ஆனால் குழி இருக்கிற இடத்தில் மறுபடி ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்ளும் என்பதால் புதுப் பின் வேண்டும் என்று தேடினேன். காரைக்குடிக் கடைகளில் பேடும் டிஸ்க்கும் கிடைத்தன, பின்னும் பூட்டும் சேர்ந்த கிட் இல்லை. மதுரையில் ஒரு கடையில் சொல்லி, பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டார்கள்; இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 480 ரூபாய். இவ்வளவு அலைச்சலும் 480 ரூபாய்ச் சாமானுக்கு. அடுத்த முறை வண்டியைத் தூக்குவதற்கு முன்பே இந்த கிட்டை வாங்கி வைத்துக்கொள்வேன், தேவைப்படாவிட்டாலும் பூட் எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

பின் போகிற துளையை உப்புத்தாளால் தேய்க்கவில்லை, துளை பெரிதானால் கேலிப்பர் ஆடும். குச்சியில் துணி சுற்றி, பிரேக் கிளீனர் நனைத்து, துணியில் நிறம் வராதவரை துடைத்தேன். அப்புறம் சிலிக்கான் கிரீஸ், மெல்லிசாக. வீட்டில் இருக்கிற சாதாரண மஞ்சள் கிரீஸைத் தடவிவிடாதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் உப்பிப் பின்னை இறுக்கிப் பிடிக்கும். கிரீஸை நிறைய அடைத்தாலும் கெடுதல்தான், துளைக்குள் காற்றடைத்துப் பின்னை வெளியே தள்ளும்.

கேரியரில் இன்னொரு வேலை இருந்தது. பேடின் இரண்டு காதுகளும் உட்கார்கிற பள்ளத்தில் சின்ன ஸ்டீல் கிளிப் இருக்கும். அதைக் கழற்றினால் அடியில் துரு அடை அடையாக வளர்ந்து கிளிப்பைத் தூக்கிவிட்டிருந்தது, புதுப் பேடு உள்ளே போகவே இல்லை. பேடின் காதை அரத்தால் ராவி உள்ளே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் துருவைத்தான் ராவினேன், இரும்பு தெரியும்வரை. அதன் பிறகு பேடு விரலால் தள்ளினால் நகர்ந்தது. அவ்வளவு தளர்வுதான் வேண்டும்.

டிஸ்க் கதைக்கு வருகிறேன். டிஸ்க்கில் பேடின் வடிவத்திலேயே ஒரு துரு அச்சு விழுந்திருந்தது. மழையில் ஓட்டிவந்து ஈரத்தோடு நிறுத்திய வண்டி மாதக்கணக்கில் நின்றால், பேடு ஒட்டியிருக்கிற இடத்தில் ஈரம் காயாமல் அரித்துவிடுகிறது. காரைக்குடியில் 1953-இல் திறந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல்) ஆய்வகத்தில் துரு பிடிப்பதைப் பற்றியே ஒரு பெரிய பிரிவு ஆராய்ச்சி நடக்கிறது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி எங்கள் கொட்டகையில் துரு தன் போக்கில் வேலை பார்த்திருக்கிறது. பெடல் துடித்ததற்கு அந்த அச்சுதான் காரணம்.

டிஸ்க் கனத்தை வெர்னியரில் நேரடியாக அளந்தால் தப்பாக வரும், ஓரத்தில் தேயாத வரம்பு நிற்பதால் வெர்னியர் தேய்ந்த இடத்தைத் தொடாது. இரண்டு ஒரு ரூபாய்க் காசை இரண்டு பக்கமும் வைத்து அளந்து, பிறகு காசுகளை மட்டும் சேர்த்து அளந்து கழித்தேன். புது டிஸ்க்கைவிட 1.7 மி.மீ. மெலிந்திருந்தது. குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், துருவைத் தேய்த்தால் படிக்கலாம். அதற்கு வெறும் 0.3 தான் பாக்கி. லேத்தில் கடைந்தால் அந்த எல்லைக்குக் கீழே போய்விடும் என்பதால் இரண்டு பக்கமும் புதிது.

பழைய டிஸ்க், சக்கரம் மாட்டுகிற ஹப்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. இதற்கென்றே டிஸ்க்கில் மரை போட்ட இரண்டு துளைகள் உண்டு. எட்டு மி.மீ. போல்ட் இரண்டைப் போட்டு மாறி மாறி அரைச் சுற்று இறுக்கினால் டிஸ்க்கைத் தள்ளிக் கொடுக்கும். ஹார்ட்வேர் கடையில் கேட்டதும் கொடுக்கிற சாதா போல்ட் முனை நசுங்கி வளைந்தது. தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டாகக் கேட்டு வாங்குங்கள், மரை 1.25 பிட்ச். இறுக்கி வைத்துவிட்டு, போல்ட்டுகளுக்கு நடுவில் சுத்தியலால் தட்ட, டணாரென்று கழன்றது.

புது டிஸ்க்கின் மேல் இருக்கிற எண்ணெய்ப் பூச்சை பிரேக் கிளீனரால் முழுக்கத் துடைக்க வேண்டும், பேடில் ஏறினால் பிடிக்காது. டிஸ்க் உட்காருகிற ஹப் முகத்தை வயர் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு டிஸ்க்கை மாட்டி, வாஷர் கொடுத்து வீல் நட்டுகளை இறுக்கி, டயல் கேஜ் வைத்துச் சுற்றினேன். ஆட்டம் 0.16 மி.மீ. காட்டியது. பொதுவாக 0.10-க்குள் இருக்க வேண்டும். புது டிஸ்க் வளைந்திருக்குமோ என்று கவலையாகப் போயிற்று. மறுபடி கழற்றிப் பார்த்தால் வீல் நட்டு ஏறுகிற ஒரு ஸ்டட்டின் அடியைச் சுற்றி வளையமாகத் துருப் பொருக்கு நின்றிருந்தது, வயர் பிரஷ் அங்கே போகவில்லை. சின்ன உளியால் சுரண்டி எடுத்து மாட்டியதும் 0.05. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொருக்கோடு மூடியிருந்தால் சில ஆயிரம் கிலோமீட்டரில் பெடல் மறுபடி துடிக்க ஆரம்பித்திருக்கும், எல்லாரும் டிஸ்க் கம்பெனியைத் திட்டியிருப்போம். டயல் கேஜ் இல்லாதவர்கள் ஸ்டட் அடியை மட்டுமாவது விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பழைய ஆயிலை மேலே இருக்கிற பிரேக் ஆயில் டப்பாவுக்குத் திருப்பி அனுப்பவில்லை. கேலிப்பரில் ஆயிலையும் காற்றையும் வெளியே விடுகிற ப்ளீடர் நட்டில், உள்ளே தெரிகிற மாதிரியான குழாயை மாட்டி, குழாயின் மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, நட்டைத் தளர்த்திவிட்டு சி கிளாம்ப்பால் மெதுவாக இறுக்கினேன். காப்பித் தூள் நிறத்தில் வந்தது. பிஸ்டன் சீராகப் போனதால் அதன் சீல் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தது, பிஸ்டன் பூட்டிலும் கிழிசல் இல்லை. நட்டைத் திறந்தால்தான் பிஸ்டன் போகிறது, மூடியிருந்தால் போகவில்லை என்றால் ஹோஸ் (ஆயில் வருகிற ரப்பர் குழாய்) உள்ளே அடைத்திருக்கிறது என்று அர்த்தம். திறந்தும் போகாவிட்டால் பிஸ்டனே பிடித்திருக்கிறது. இந்த வண்டியில் இரண்டும் இல்லை. கேலிப்பரை எப்போதும் கம்பியில் கட்டித்தான் தொங்கவிட்டேன், ஹோஸில் எடை விழக் கூடாது.

இடப்பக்கம் கதையே இல்லை. அதே வேலை, பின் இரண்டும் கையோடு வந்தன, மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தது.

பிரேக் ஆயில் குழாய்களில் புகுந்த காற்றை எடுக்கத் தங்கை மகன் வந்தான், பாலிடெக்னிக் படிக்கிறான். பெடலுக்கு அடியில் ஒரு மரத் துண்டை வைத்தேன். பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் (மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளுகிற பாகம்) ரப்பர் வாஷர்கள் இதுவரை போகாத, துரு ஏறிய பகுதிக்குப் போய்க் கிழியும். அவன் மிதிப்பான், நான் நட்டைத் திறந்து மூடுவேன். "மாமா, கால எடுக்கவா?" "மூடிட்டேன்னு சொன்னப்புறம் எடுடா." இந்த வரிசை தவறினால் காற்று உள்ளே போகும். டாட் 4 ஆயில் அரை லிட்டர் ஊற்றினேன்; டாட் 3-உம் டாட் 4-உம் கலக்கலாம், டாட் 5 வேறு சாதி, அதைக் கலக்கக் கூடாது. இந்த ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது என்றால், ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 வரை இறங்கும். ஓடாத வண்டியாக இருந்தாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றத்தான் வேண்டும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

கேலிப்பர் போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கும், வீல் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் 85 நியூட்டன் மீட்டருக்கும் இறுக்கினேன். வண்டியை எடுப்பதற்கு முன் நின்ற இடத்திலேயே பெடல் கல்லாகும்வரை மிதிக்க வேண்டும். முதல் மிதி ஆழமாகப் போகும், பிஸ்டன் வெளியே வந்து பேடைத் தொடும் வரை பிரேக்கே இருக்காது. கொட்டகையை விட்டு இறங்கிய பிறகு இது தெரியவந்தால் எதிர்ச் சுவர்தான் பிரேக்.

புதுப் பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். அதற்காக விடியற்காலை கோட்டையூர்ச் சாலையில், முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரம் பார்த்து, ஐம்பதிலிருந்து பத்து வரை மிதமாக மிதித்துக் குறைத்து, முழுசாக நிறுத்தாமல் மறுபடி வேகமெடுத்து, இடையில் கொஞ்சம் ஆறவிட்டுத் திரும்பத் திரும்பச் செய்தேன். ஆரம்பத்தில் பிடிப்பு குறைவாகத்தான் இருந்தது, போகப் போகக் கூடியது. கடைசியில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். நேராக நின்றது. இறங்கிப் பார்த்தால் இரண்டு முன் சக்கரத்திலும் ஒரே அளவு சூடு. அந்த நேரத்துச் சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. பெரியப்பா இந்த வண்டியில் பேத்திகளை ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டி போகிறவர்.

செலவு: பேடு 1,450, டிஸ்க் ஜோடி 3,700, பின் கிட் 480, ஆயில் 260, பிரேக் கிளீனர் இரண்டு டின் 640, சிலிக்கான் கிரீஸ் 180, உப்புத்தாளும் வயர் பிரஷ்ஷும் 90. மொத்தம் 6,800. ஸ்டாண்டு தனி, அது இனி எப்போதும் இருக்கும். முதலில் கொடுத்த அலைன்மென்ட் காசை இதில் சேர்க்கவில்லை.

நிறுத்தி வைக்கிற முறையையும் மாற்றிவிட்டேன். வண்டியைக் கழுவினாலோ மழையில் வந்தாலோ தெருவில் ஒரு சுற்று ஓட்டி, லேசாகப் பிரேக் மிதித்து டிஸ்க்கைக் காயவைத்த பிறகே கொட்டகைக்குள் விடுகிறேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைப்பதில்லை, மாதக்கணக்கில் இழுபட்டிருந்தால் பின் சக்கர டிரம் பிரேக்கில் ஷூ (அங்கே பேடுக்குப் பதிலாக இருப்பது) டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சரிவுப் பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் கல். வாரம் ஒரு முறை சும்மா ஸ்டார்ட் செய்து வைத்தால் பேட்டரிக்குக்கூடச் சரியாக ஏறாது, பிரேக்குக்கு எந்தப் பயனும் இல்லை. புதுவயல் வரையாவது ஓட்டிவிட்டு வர வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை, ஐப்பசி மழை முடிந்ததும், நான்கு பின்களையும் இழுத்துத் துடைத்துக் கிரீஸ் வைக்கப்போகிறேன். பழகிவிட்டால் இரண்டு மணி நேர வேலை.

பின் சக்கர டிரம்மை இன்னும் திறக்கவில்லை. அதற்கு வீல் சிலிண்டர் கிட் இரண்டும் முன்கூட்டியே சொல்லி வைத்தாயிற்று, மதுரையிலிருந்து வந்ததும் ஆரம்பிக்க வேண்டும்.